ஆல்ப்ஸ் வயலட் என்னும் சைக்ளமென்: வாங்குவதற்கு முன்பிருந்து அடுத்த ஆண்டுப் பூ வரை

பூத்துக் குலுங்கும் தொட்டியை வாங்கி வந்து, எல்லோர் கண்ணிலும் படும்படி வரவேற்பறை மேசையில் வைக்கிறார்கள். பத்து நாளில் இலைகள் மஞ்சளாகின்றன. தாகம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மூன்றாம் வாரம் காம்புகள் எல்லாம் தொட்டி விளிம்பில் துவண்டு கிடக்கின்றன. லேசாக இழுத்தால் அடியோடு கழன்று கையில் வருகின்றன. சைக்ளமென் வளர்க்க ஆசைப்பட்டு யோசனை கேட்டு வந்தவர்களில் பெரும்பாலோர் இந்தக் கதையைத்தான் சொன்னார்கள். நானும் ஒரு காலத்தில் இதே கதையின் நாயகன்தான்.

இந்தச் செடி கேட்கும் வேலை மிகக் கொஞ்சம். ஆனால் அதை வரிசை மாற்றிச் செய்யக்கூடாது. முதலில் இடம், பிறகு செடி, அதன் பிறகே தண்ணீரும் உரமும். இன்னொன்று, இதன் ஆண்டு இலையுதிர்காலத்தில் தொடங்குகிறது. குளிரில் இலை விட்டுப் பூக்கும். மற்றச் செடிகள் கொழிக்கும் கோடையில் கிழங்குக்குள் ஒடுங்கித் தூங்கும். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒழுங்கை ஒட்டியே வருகின்றன.

1. கையில் இருப்பது எந்த இனம் என்று பாருங்கள்

ஆல்ப்ஸ் வயலட் என்பது ஜெர்மானியர் வைத்த பெயர். உண்மையான வயலட்டுகளுக்கும் இதற்கும் உறவு கிடையாது. இது பிரிமுலா குடும்பத்தைச் சேர்ந்தது. ஆப்பிரிக்க வயலட் முற்றிலும் வேறு செடி. அது வீட்டுக்குள்ளிருக்கும் கதகதப்பை விரும்பும். அதற்கான குறிப்பைப் படித்துவிட்டு சைக்ளமெனைச் சூட்டில் வைத்துக் கொன்றவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

சைக்ளமெனில் இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. புதிதாகத் தொடங்குபவர் நான்கைத் தெரிந்துகொண்டால் போதும்.

பெர்சிகம்: பூக்கடைகளில் தொட்டியில் விற்கப்படுவது பெரும்பாலும் இதுதான். பெரிய பூ, இதய வடிவ இலை, இலைமேல் வெள்ளிக் கோலம். கிழக்கு மத்தியதரைக் கடலோர மலைச்சரிவுகளில் இயல்பாக வளர்வது. குளிர்ச்சி வேண்டும், ஆனால் உறைபனி விழுந்தால் செத்துப்போகும்.

ஹெடரிஃபோலியம்: ஐவிக் கொடியைப் போன்ற இலை. கோடை முடிவிலிருந்து இலையுதிர்காலம் வரை பூக்கும். பல சமயம் பூ முதலில் வரும், இலை பின்னால் வரும். உறைபனியைத் தாங்கும்.

கௌம்: சிறிய வட்ட இலை, குட்டையான பூ. குளிர்காலத்தின் நடுவிலிருந்து வசந்தத் தொடக்கம் வரை பூக்கும். இதுவும் உறைபனி தாங்கும்.

பர்ப்புராசென்ஸ்: ஆல்ப்ஸ் மலைக்காடுகளில் உண்மையாகவே வளர்வது இது. மற்றவை தூங்கும் கோடையில் இது நல்ல மணத்தோடு பூக்கும். ஏறக்குறைய ஆண்டு முழுவதும் இலையோடு இருக்கும்.

இனத்தைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். கிழங்கை எவ்வளவு ஆழத்தில் வைப்பது, கோடையில் காயவிடுவதா வேண்டாமா, வெளியே நடலாமா என்ற மூன்று கேள்விகளுக்கும் இனத்துக்கு இனம் விடை மாறுகிறது. பெர்சிகத்துக்குச் சொன்னபடி பர்ப்புராசென்ஸை முழுக்கக் காயவிட்டால் கிழங்கு வற்றிச் செத்துவிடும்.

2. செடி வருவதற்கு முன்பே இடத்தை அளந்து வையுங்கள்

பெர்சிகத்துக்கு உகந்த வெப்பம் 10 முதல் 16 பாகை செல்சியஸ். 18 வரை சமாளிக்கும். 20-ஐத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால், கோடை வந்துவிட்டது என்று கணக்குப் போட்டு இலையை மஞ்சளாக்கித் தூங்கத் தயாராகும். மொட்டுகள் விரியாமலே காய்ந்து போவதற்கும் முதல் காரணம் சூடுதான்.

ஆகவே ஒரு சாதாரண வெப்பமானியை வாங்கி, செடி வைக்க நினைக்கும் இடத்தில் மூன்று நாள் விட்டுப் பாருங்கள். காலை, மாலை, நள்ளிரவு என மூன்று வேளை குறித்துக்கொள்ளுங்கள். ‘எங்கள் வீடு குளிர்தான்’ என்று சொன்ன ஒருவர் வீட்டில் சன்னல் திண்ணையில் 24 பாகை காட்டியது. சன்னலுக்கு நேர் கீழே ஹீட்டர் இருந்தது. அதிலிருந்து எழும் வெப்பக்காற்று முழுவதும் தொட்டியின்மேல்தான் பட்டுக்கொண்டிருந்தது. அறை குளிராக இருக்கிறது என்றால் சன்னல் திண்ணையும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பொதுவாகத் தோதாக அமையும் இடங்கள்: ஹீட்டர் போடாத படுக்கையறையின் சன்னலோரம், மாடிப்படி வளைவு, கண்ணாடி அடைத்த தாழ்வாரம், உறைபனி எட்டாத மூடிய பால்கனி. வெளிச்சம் தாராளமாக வேண்டும், உச்சி வெயில் நேரே விழக்கூடாது. குளிர்காலத்துச் சாய்ந்த வெயில் கொஞ்சம் பட்டால் கெடுதல் இல்லை.

வீட்டில் அப்படி ஓர் இடமே இல்லையா? பகலில் வரவேற்பறையில் வைத்துப் பார்த்துவிட்டு, இரவில் குளிர்ந்த இடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். இரவு 10 பாகை அளவில் கழிந்தால் பகல் வெப்பத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இதற்கும் வழியில்லை என்றால், நான் பெர்சிகத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். தோட்டமோ சிறிது மண்தரையோ இருந்தால் ஹெடரிஃபோலியத்துக்குப் போங்கள்.

3. சேர்த்து வைக்க வேண்டியவை

அடியில் துளையுள்ள தொட்டி முதல் தேவை. சுடுமண் தொட்டி எனக்குப் பிடிக்கும். பக்கவாட்டிலும் ஈரம் ஆவியாவதால் தண்ணீர் சற்றுக் கூடினாலும் மன்னித்துவிடும். அளவு, கிழங்கைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி இருக்கும்படி. இதைவிடப் பெரிய தொட்டி வேண்டாம். வேர் எட்டாத மண்ணில் தங்கும் ஈரம் வாரக்கணக்கில் உலராமல் கிடக்கும், அழுகல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

மண் கலவைக்கு, நன்றாக மக்கிய இலைமக்கு அல்லது நார்க்கழிவு கலந்த தொட்டி மண் இரண்டு பங்கு, பெர்லைட் அல்லது பருமணல் ஒரு பங்கு. கையில் பிடித்து அழுத்தித் திறந்தால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும். பெர்சிகத்துக்கு இலேசான அமிலத் தன்மை, அதாவது pH அளவில் 5.5 முதல் 6.5 வரை, ஏற்றது. தோட்ட இனங்கள் சுண்ணாம்பு மண்ணையும் ஏற்கும்; பர்ப்புராசென்ஸ் இயல்பாகவே சுண்ணாம்புப் பாறைக் காடுகளில் வளர்வது.

இவற்றோடு, தொட்டியை அமிழ்த்தி வைக்க ஓர் அகலத் தட்டு, சாம்பல் சத்து (பொட்டாசியம்) மிகுந்த திரவ உரம், கையுறை. கிழங்கின் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும்.

4. செடியைப் பார்த்து வாங்குங்கள்

மேலிருந்து பூவை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். இலைகளை விரலால் ஒதுக்கி நடுவைப் பாருங்கள். இலைக்காம்புகளுக்கு அடியில், கிழங்கின் தலையை ஒட்டி, குண்டூசித் தலை முதல் பட்டாணி வரை பல அளவில் மொட்டுகள் நெருக்கமாகத் தெரிய வேண்டும். அடுத்த ஆறு வாரம் உங்களுக்குக் கிடைக்கப்போகும் பூக்கள் அவை. விரிந்த பூக்கள் இருபது இருந்தும் அடியில் மொட்டே இல்லாத செடி, பூத்து முடிக்கப்போகும் செடி.

அதே இடத்தில் சாம்பல் நிறப் பஞ்சு போலப் படிந்திருந்தால் வாங்காதீர்கள். கிழங்கை விரலால் மெல்ல அழுத்துங்கள். உருளைக்கிழங்கு போலக் கெட்டியாக இருக்க வேண்டும். அமுங்கினால் உள்ளே அழுகல்.

தோட்ட இனங்களை வாங்கும்போது, இலையோடு தொட்டியில் வளரும் செடியைக் கேளுங்கள். காய்ந்த கிழங்காக விற்பவை மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் நெடுநாள் உலர்ந்த கிழங்குகள் பல மறுபடி எழுவதில்லை. காட்டிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டவையாகவும் இருக்கக்கூடும். இந்தப் பேரினம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையான சைட்டீஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நாற்றங்காலில் வளர்க்கப்பட்டதா என்று கேட்டு வாங்குவது உங்களுக்கும் நல்லது, காட்டுக்கும் நல்லது.

வாங்கிய செடியை வீடு வரை உறைகுளிரில் திறந்தபடி தூக்கி வராதீர்கள். காகிதம் சுற்றி எடுத்து வாருங்கள். கடையில் சுற்றித் தந்த பிளாஸ்டிக் உறையை வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். அதற்குள் தேங்கும் ஈரக்காற்றில் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும்.

5. கிழங்கு எவ்வளவு வெளியே தெரிய வேண்டும்?

புதிதாக வாங்கிய செடி பூத்துக்கொண்டிருந்தால் தொட்டியை மாற்றாதீர்கள். வேரைக் கலைத்தால் மொட்டுகளை உதிர்த்துவிடும். மாற்றுவதற்கு உரிய நேரம் தூக்கம் முடியும் தறுவாய்.

அப்போது பெர்சிகக் கிழங்கின் மேற்பகுதி, மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை, மண்ணுக்கு மேல் தெரியும்படி வையுங்கள். இலையும் பூவும் கிளம்பும் தலைப்பகுதி மண்ணுக்குள் போனால் ஈரம் தேங்கிக் குருத்து அழுகும். மண்ணால் மூடினால்தான் பாதுகாப்பு என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. அழகாக மூடி, மேலே கூழாங்கல்லும் பரப்பி வைத்த தொட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கற்களை நீக்குவதே முதல் சிகிச்சை.

தோட்ட இனங்கள் இதற்கு நேர்மாறு. ஹெடரிஃபோலியம், கௌம் இரண்டையும் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் மண்ணுக்குள் வைக்க வேண்டும்.

கிழங்கில் மேல் எது, கீழ் எது என்ற குழப்பமும் வரும். கௌம், பெர்சிகம் கிழங்குகளுக்கு வேர் அடியில் இருக்கும். ஹெடரிஃபோலியத்துக்கு வேர்கள் மேற்பக்கத்திலிருந்தும் விளிம்பிலிருந்தும் கிளம்பும். அடிப்பகுதி மொழுமொழுவென்று இருக்கும். வேர் இருக்கும் பக்கம்தான் கீழே என்று நினைத்து அதைத் தலைகீழாக நடுபவர்கள் அதிகம். பழைய பூங்காம்புகளின் கட்டை எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுவே மேல். எதுவும் புலப்படவில்லை என்றால் பக்கவாட்டில் சாய்த்து நடுங்கள். தளிர் வழி கண்டுபிடித்துக்கொள்ளும்.

6. தண்ணீர்

பெரும்பாலான செடிகள் சாகும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எப்போது ஊற்றுவது என்பதற்கு நாள் கணக்கு வைக்காதீர்கள். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். நன்றாக நனைந்த தொட்டியின் கனத்தை ஒருமுறை கையில் உணர்ந்து வைத்துக்கொண்டால், காய்ந்த தொட்டி எவ்வளவு இலேசாகிறது என்பது இரண்டே வாரத்தில் பழகிவிடும். மேல்மண் உலர்ந்து, தொட்டி இலேசாகி, இலைகள் இன்னும் விறைப்பாக நிற்கும் அந்த நேரம்தான் சரியான நேரம். இலை துவளும் வரை காத்திருப்பது தவறு. தினம் ஒரு கோப்பை ஊற்றுவது அதைவிடப் பெரிய தவறு.

எப்படி ஊற்றுவது? மேலிருந்து வேண்டாம். தட்டில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, தொட்டியை அதில் 20 நிமிடம் நிறுத்துங்கள். மேல்மண் ஈரத்தில் கறுத்துத் தெரிந்தால் போதும். எடுத்து, வடிய விட்டு, தட்டில் மிச்சமுள்ள தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இந்தக் கடைசிச் செயலை மறப்பவர்கள்தான் பாதிப் பேர். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கும் வேருக்குக் காற்று கிடைப்பதில்லை.

மேலிருந்து ஊற்றினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். கிழங்கின் தலை லேசாகக் குழிந்திருக்கும். காம்புகள் அங்கே நெருக்கமாக நிற்பதால் விழுந்த தண்ணீர் வெளியேற வழியின்றித் தங்கும். குளிர்ந்த, காற்றோட்டமில்லாத அறையில் அது உலர இரண்டு நாளாகும். அதற்குள் பாட்ரைட்டிஸ் என்னும் சாம்பல் பூஞ்சணம் காம்பின் அடியில் குடியேறிவிடும். மேலிருந்து ஊற்றித்தான் தீர வேண்டும் என்றால், நீண்ட மூக்குள்ள பூவாளியால் தொட்டி விளிம்பை ஒட்டி, இலைகளுக்குக் கீழே ஊற்றுங்கள். இலைமேல் நீர் தெளிக்கவும் வேண்டாம்.

துவண்டு கிடக்கும் செடியைக் கண்டால் உடனே பூவாளியைத் தேடாதீர்கள். முதலில் தொட்டியைத் தூக்குங்கள்.

தொட்டி இலேசாக இருந்தால் தாகம். இலைகளையும் பூக்களையும் கைக்குள் சேர்த்து நிமிர்த்தி, செய்தித்தாளைக் கூம்பு போலச் சுற்றி நிறுத்துங்கள். பிறகு தட்டுத் தண்ணீரில் வையுங்கள். சில மணி நேரத்தில் விறைத்துவிடும். காகிதம் சுற்றாமல் விட்டால், காம்புகள் கிடந்த கோணத்திலேயே விறைத்து வளைந்து நிற்கும்.

தொட்டி கனமாக இருந்தும் துவண்டால் வேர் அழுகுகிறது என்று அர்த்தம். இப்போது ஒரு சொட்டுக் கூட ஊற்றக்கூடாது. செடியை மண்கட்டியோடு வெளியே எடுத்துப் பாருங்கள். வெள்ளை வேர்கள் பாதியாவது இருந்தால், ஈர மண்ணை உதிர்த்து, பழுப்பான வேர்களை வெட்டி, உலர்ந்த கலவையில் வைத்து ஒரு வாரம் தண்ணீர் காட்டாமல் குளிர்ந்த இடத்தில் விடுங்கள். கிழங்கு கெட்டியாக இருந்தால் பிழைக்க வழியுண்டு. கிழங்கே கூழாகிவிட்டால் முயற்சியில் பயனில்லை.

7. வாடியதைத் திருகி எடுங்கள், வெட்டாதீர்கள்

வாடிய பூவைக் கத்தரிக்கோலால் தலையை மட்டும் கொய்துவிட்டால் மீதிக் காம்பு நின்றபடியே அழுகும். அந்த அழுகல் மெல்லக் கிழங்குக்குள் இறங்கும். என் முதல் செடி அப்படித்தான் போனது; ‘சுத்தமாகக் கத்தரித்தேனே’ என்று பெருமை வேறு.

சரியான முறை இது. பூங்காம்பை விரலால் தடவிக்கொண்டே கீழே போய், கிழங்கைத் தொடும் இடத்தில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடியுங்கள். மற்றக் கையால் பக்கத்துக் காம்புகளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். அரைச் சுற்றுத் திருகி, வெடுக்கென்று பக்கவாட்டில் இழுங்கள். ‘டக்’ என்ற மெல்லிய ஓசையோடு அடியோடு கழன்று வரும். அடிமுனை வெளிறி, ஈரமாக, முழுதாக இருக்கும். நார் நாராகக் கிழிந்து வந்தால் மேலே பிடித்துவிட்டீர்கள் என்று பொருள். மிச்சத்தையும் தேடி எடுத்துவிடுங்கள்.

மஞ்சளான இலைக்கும் இதே முறைதான். வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். விதைக்கு விடாத பூக்களை எடுத்துவிட்டால் செடி அந்தச் சத்தை அடுத்த மொட்டுகளுக்குத் திருப்பும்.

8. உரம்

பூக்கும் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, புட்டியில் சொன்ன அளவில் பாதி. தக்காளிக்கு விற்கும் திரவ உரம் நன்றாகவே பொருந்தும், ஏனெனில் அதில் சாம்பல் சத்து அதிகம். தழைச்சத்து கூடினால் இலை பெருத்துக் காம்பு மெலியும். மெலிந்த காம்பில் பூஞ்சணம் எளிதாகப் பிடிக்கும். காய்ந்த மண்ணில் உரம் விடாதீர்கள், வேர் கருகும். இலை மஞ்சளாகத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

9. கோடைத் தூக்கம்

வசந்தம் முடியும் தறுவாயில் பூ நிற்கும். இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகும். இந்த நேரத்தில் மக்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: செத்துவிட்டது என்று வீசுவது, அல்லது காப்பாற்றுவதாக நினைத்துத் தண்ணீரைக் கூட்டுவது. நான் முதல் வகை. வீசிய கிழங்கை இலையுதிர்காலத்தில் மக்குக் குழியைக் கிளறும்போது பார்த்தேன். தலையில் ஐந்தாறு இளஞ்சிவப்பு முளைகள் மடங்கிய முட்டியோடு எழுந்து நின்றன. நான் செய்யத் தவறியதை மக்குக் குழி செய்திருந்தது: நிழல், குளுமை, கொஞ்சமே ஈரம், யாரும் தொல்லை செய்யாத மூன்று மாதம்.

பெர்சிகத்துக்கு இதைப் படிப்படியாகச் செய்யுங்கள். இலை மஞ்சளாகத் தொடங்கியதும் தண்ணீர் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். பச்சை இலையைப் பிடுங்காதீர்கள். அதிலுள்ள சத்து கிழங்குக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. எல்லா இலையும் காய்ந்த பின் திருகி எடுத்துவிட்டு, தண்ணீரை நிறுத்துங்கள். தொட்டியை நிழலான, காற்றோட்டமுள்ள, மழை நேரே விழாத இடத்தில் வையுங்கள். தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் சாரல் அடித்தாலும் தண்ணீர் தேங்காது.

முழுவதும் வறண்டே கிடக்க வேண்டுமா என்பதில் வளர்ப்பவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. என் பழக்கம் இது: நான்கு விரல் அகலத்துக்கு மேற்பட்ட பெரிய கிழங்குக்கு எதுவும் தர மாட்டேன். சின்னக் கிழங்குக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தொட்டி விளிம்பில் இரண்டு கரண்டித் தண்ணீர். சிறிய கிழங்கில் சேமிப்புக் குறைவு, மூன்று மாத வறட்சியில் சுருங்கிவிடும்.

கோடையே குளிராக இருக்கும் ஊர்களில் சில செடிகள் முழுக்க இலை உதிர்க்காமல் அரைத் தூக்கத்தில் இருக்கும். அதைக் கட்டாயப்படுத்தித் தூங்க வைக்க வேண்டாம். தண்ணீரைக் குறைத்து, உரத்தை நிறுத்தினால் போதும்.

10. எழுப்புதல்

கோடை தணிந்து இரவுகள் குளிரத் தொடங்கும்போது கிழங்கின் தலையை வாரம் ஒருமுறை பாருங்கள். கடுகளவு முளை தெரிந்த அன்று வேலை தொடங்குகிறது. முளை தெரியும் முன்பே தண்ணீர் விட்டு எழுப்ப முயன்றால், வேலை செய்யும் வேர் இல்லாத கிழங்கு ஈரத்தில் கிடந்து அழுகும்.

பழைய மண்ணைத் தட்டி உதிர்த்து, வேர்களில் காய்ந்தவற்றை நீக்கி, புதிய கலவையில் ஐந்தாம் படியில் சொன்ன உயரத்தில் வையுங்கள். தொட்டி ஓர் அளவு மட்டும் பெரிதாக. முதல் தண்ணீர் ஒருமுறை நன்றாக. அடுத்தது மேல்மண் உலர்ந்த பிறகு. இலைகள் நான்கைந்து விரிந்த பின்பே உரம். எழுந்த உடனே ஹீட்டர் ஓடும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். உறைபனி வரும் வரை வெளியில் நிழலிலேயே இருக்கட்டும். அந்தக் குளிரில்தான் மொட்டு நிறையக் கட்டும்.

11. தோட்டத்தில் நடுவது

ஹெடரிஃபோலியத்தையும் கௌமையும் இலையுதிர் மரங்களின் அடியில் நடுங்கள். குளிர்காலத்தில் மரம் மொட்டையாக நிற்பதால் கீழே வெளிச்சம் கிடைக்கும். கோடையில் மரம் நிழல் தந்து, மண்ணின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். தூங்கும் கிழங்குக்கு இந்த இரண்டும் வேண்டியவை. வேறு எதுவும் வளர மறுக்கும் வறண்ட மரத்தடிகூட இவற்றுக்கு ஒத்துவரும். மழைநீர் தேங்கும் பள்ளம் ஒருபோதும் ஒத்துவராது.

ஒரு சாண் இடைவெளி விட்டு நட்டு, மேலே இலைமக்கு இரண்டு விரல் கனத்துக்குப் போடுங்கள். ஆண்டுதோறும் இலைகள் காய்ந்து மறைந்தவுடன் மறுபடி ஓர் அடுக்கு இலைமக்கு. நட்ட இடத்தில் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். கோடையில் வெறும் தரையாகத் தெரிவதால் மண்வெட்டியால் கிழங்கைப் பிளப்பது வெகு சாதாரணமாக நடக்கும்.

இரண்டு இனங்களையும் ஒரே பாத்தியில் கலக்காதீர்கள். ஹெடரிஃபோலியத்தின் இலை முந்திக்கொண்டு படர்ந்து, குட்டையான கௌமை அமுக்கிவிடும். கிழங்கைத் துண்டு போட்டுப் பெருக்க நினைக்கவும் வேண்டாம். உருளைக்கிழங்கைப் போல இது துண்டுக்குத் துண்டு முளைப்பதில்லை. எலியும் அணிலும் தோண்டும் இடமாக இருந்தால், நடும்போதே மண்ணுக்கு மேல் கம்பிவலை பரப்பிவிடுங்கள்.

கடுங்குளிர் இரவுக்குப் பின் இலைகள் தரையோடு படுத்துக் கிடந்தால் பதறாதீர்கள், தொடவும் செய்யாதீர்கள். பனி உருகியதும் தானாக நிமிரும். உறைந்த காம்பை நிமிர்த்தப் போனால் முறியும்.

12. விதையிலிருந்து வளர்ப்பது

பொறுமைக்காரர்களுக்கான வேலை. பெர்சிகம் பூக்க ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு ஆகும், தோட்ட இனங்களுக்கு இரண்டு மூன்று ஆண்டு.

பூவை நகத்தின்மேல் மெல்லத் தட்டினால் மஞ்சள் தூளாக மகரந்தம் விழும். நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் சூல்முனையை அதில் தொடவையுங்கள். கரு பிடித்தால், தோட்ட இனங்களின் காம்பு கம்பிச்சுருள் போலச் சுருண்டு காயைத் தரைக்கு இழுக்கும். பெர்சிகத்தின் காம்பு சுருளாது, வளைந்து தொங்கும். காய் மெத்தென்றாகி வாய் பிளக்கும் நாளில் எடுத்துவிடுங்கள். விதையின்மேல் ஒட்டும் இனிப்பு இருப்பதால் எறும்புகள் ஒரே நாளில் சுமந்து போய்விடும்.

புதிய விதையே நன்றாக முளைக்கும். வெதுவெதுப்பான நீரில் ஒரு நாள் ஊறவைத்து, அந்த இனிப்புப் பசையைக் கழுவி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். மண் தூவி வெளிச்சம் படாமல் மூடி, 15 முதல் 18 பாகையில் வையுங்கள். இருட்டும் குளிர்ச்சியும் இரண்டும் தேவை. 20-ஐத் தாண்டினால் முளைப்பு தடைப்படும். ஒரு மாதத்துக்கு மேல் எதுவும் தெரியாது. மண்ணுக்கடியில் முதலில் குட்டிக் கிழங்கை உருட்டி வைத்துவிட்டுத்தான் ஓர் இலையை மேலே அனுப்பும். ஒற்றை இலை மட்டும் நீண்ட நாள் நிற்பதைப் பார்த்து நாற்று நின்றுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். முதல் கோடையில் நாற்றுகளைத் தூங்க விடாமல் நிழலில் இலேசான ஈரத்தோடு வைத்தால், கிழங்கு சீக்கிரம் பருக்கும்.

13. நோயும் பூச்சியும்

காம்படியில் சாம்பல் பஞ்சு படிந்தால் பாட்ரைட்டிஸ். பாதித்ததை எல்லாம் திருகி எடுத்து, காற்றோட்டத்தைக் கூட்டி, தண்ணீர் முறையைத் திருத்துங்கள். மருந்து அடித்து முறையைத் திருத்தாவிட்டால் மறுபடி வரும்.

செடியின் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகி வாடுகிறது, கிழங்கும் கெட்டியாகவே இருக்கிறது என்றால் பியூசேரியம் வாடல் நோயைச் சந்தேகியுங்கள். கிழங்கைக் குறுக்கே வெட்டினால் உள்ளே செம்பழுப்புப் புள்ளிகள் தெரியும். மருந்தில்லை. மண்ணோடு சேர்த்துக் குப்பைக்கு அனுப்புங்கள், மக்குக் குழியில் போடாதீர்கள்.

நடுக்குருத்து சுருங்கி, இளம் இலைகள் முறுக்கிக் கெட்டிப்பட்டு, பூ கோணலாக வந்தால் சைக்ளமென் சிலந்திப்பேன். கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும். மற்றச் செடிகளுக்குப் பரவும் முன் அந்தச் செடியை அகற்றுவதே சிக்கனம்.

நன்றாக இருந்த செடி ஒரே இரவில் சாய்ந்து, தூக்கினால் கிழங்கின் அடியைக் காணோம் என்றால் வைன் வீவில் வண்டின் புழு. பால்நிற உடல், பழுப்புத் தலை, கால் இல்லாமல் வளைந்து கிடக்கும். அதற்கு முன்பே இலை விளிம்பில் வண்டு கடித்த அரைவட்டத் தடங்கள் தெரிந்திருக்கும். அதைப் பார்த்த இரவே டார்ச் விளக்கோடு போய் வண்டுகளைப் பொறுக்குங்கள். கோடை முடிவில், மண் இன்னும் குளிர்ந்துபோகாதபோது, இந்தப் புழுவைக் கொல்லும் நூற்புழுக் கரைசலைத் தொட்டி மண்ணில் ஊற்றலாம். தூக்கம் கலைந்து கிழங்கை மாற்றி நடும்போது பழைய மண்ணைத் தாளில் கொட்டி விரலால் கிளறிப் பாருங்கள். ஒன்று இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும்.

வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள். கிழங்கிலுள்ள சப்போனின்கள் அவற்றுக்கு நஞ்சு. வெளியே எடுத்த கிழங்குகளைத் தரையில் பரப்பி வைத்துவிட்டுத் தொலைபேசி எடுக்கப் போவது எனக்கே ஒருமுறை வினையாகப் பார்த்தது. அதிலிருந்து மூடியுள்ள பெட்டிக்குள்தான் வைக்கிறேன்.